ரெண்டாவது போதும்

இப்போதெல்லாம் சாவு வீட்டில் அழுகிறவர்களைவிடப் போனைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். செத்தவன் முகம் எதிரிலேயே கிடக்கிறது. அதே முகத்தைக் கண்ணாடிக்குள் பார்க்க அப்படி என்ன அவசரமோ, வேடியப்பனுக்கு விளங்கவில்லை. தம்பியின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தத் தம்பியே முதுகுக்குப் பின்னாலிருந்து பேசினான்.

"ரெண்டு வேளை கஞ்சி. பால் ஊத்தாத டீ. பென்சன் கொஞ்சமா வந்தா இன்னா? இருக்கறது போதும்னு நெனைக்கறவன்தான் ராஜா."

செத்துக் கிடக்கும் சின்னதம்பியின் மகன் ஜீவானந்தம் போன வருசம் எடுத்த வீடியோ. கீழே செருப்புக் கம்பெனியில் முப்பது வருசம் உழைத்துவிட்டு மலையேறி வந்தவர், குறைந்த காசில் நிம்மதியாக வாழ்வது எப்படி என்று சொல்கிறார். நிறைய பேர் பார்த்தார்களாம்.

"பெரிப்பா, நீங்க பாக்கலியே," என்று போனை நீட்டினான்.

"நேர்லயே பாத்துக்கினுதான் கீறேன். கையப் புடிடா."

சட்டை மாட்டியாகிவிட்டது. காலர் கழுத்தில் ஒட்டாமல் இரண்டு விரல் எட்டி நின்றது.

கம்பெனியில் கூட வேலை பார்த்த தனசேகரன் மாலையை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். "குடுத்து வச்ச மனுசன். யார்கிட்டயும் கை நீட்டல. கூடப்பொறந்த அண்ணன் பக்கத்துலயே இருந்தும் ஒரு புளியங்கொட்ட கேட்டிருப்பாரா?"

அவன் பெருமையாகத்தான் சொன்னான். வேடியப்பன் பித்தான் போடுவதை நிறுத்திவிட்டார்.

அப்பன் சாகும்போது பாதையோரப் புளியமரத்தைக் கொம்பு கொம்பாகப் பிரித்துவிட்டுப் போனார். கிழக்குக் கொம்பு பெரியவனுக்கு, மேற்குக் கொம்பு சின்னவனுக்கு. சின்னவன் கீழே இருந்தவரைக்கும் ரெண்டையும் வேடியப்பனே உலுக்கினார். ஆறு வருசத்துக்கு முன்னால் அவன் பெண்டாட்டியோடு திரும்பி வந்தபோது, இவர் போய் அவன் வாசலில் நின்று கேட்டது உண்மை.

"மேக்கால கொம்பு உன்துதான். உலுக்கிக்கிறியா?"

"எனக்கு எதுக்குண்ணா? பென்சன் வருது, போதும்."

சரி என்று திரும்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகும் ரெண்டு கொம்புப் புளியும் அவர் வீட்டிலிருந்துதான் சந்தைக்குப் போனது.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் தம்பி பெண்டாட்டி அன்பரசி பக்கம் குனிந்தார். "வேற சட்ட இல்லியாம்மா? இது தொங்குது."

"எல்லாமே தொங்கும் மாமா. கம்பெனில இருந்தப்ப தெச்சது."

"சுகரா அவனுக்கு?"

"சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வெளியே தப்பட்டை அடிக்கத் தொடங்கினார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் அன்னிக்கு வந்து கேட்டேன். போதும்னுதான சொன்னான். நெசமாத்தான சொன்னான்?"

அன்பரசி புருசன் காலடியில் கிடந்த பூவைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க போனதும் வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு. அண்ணன் திரும்பி வரும், இன்னொரு தபா கேக்கும்னாரு."

"எவ்ளோ நேரம்?"

"அடுத்த வருசமும் நின்னாரு."

மலையில் பந்திக்கு உட்காருகிறவன் முதல் தடவை போதும் என்றால் அது மரியாதைக்குச் சொல்வது. பரிமாறுகிறவன் கேட்காத மாதிரி இன்னொரு கரண்டி வைக்கவேண்டும். அதற்கும் கையை மறித்துச் சொன்னால்தான் நிஜமான போதும். முதல் போதுமோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவனை ஊர் சிரிக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையோ கல்யாணத்தில் கரண்டி பிடித்தவர்.

"வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்தான்? வந்து கேக்கறதுக்கு இன்னா?"

"அவரு எப்டி மாமா கேப்பாரு? உங்களுக்குத் தெரியாத மொறையா?"

பூவை முந்தானையில் போட்டுக்கொண்டு தலைமாட்டுக்கு நகர்ந்துவிட்டாள்.

தூக்கும்போது முன்பக்கம் அவர் தோள் கொடுத்தார். பாடை கனக்கவே இல்லை. பின்னால் வந்தவர்கள் நோகாமல் போன சாவு என்று பேசிக்கொண்டே வந்தார்கள். குழிமேட்டில் மண் தள்ளியதும் எல்லாரும் கை கால் கழுவப் பைப்படிக்குத் திரும்பினார்கள். வேடியப்பன் எதிர்ப்பக்கம் நடந்தார்.

"பெரியவரே, தலமுழுவிட்டுப் போங்க," என்று தனசேகரன் கூப்பிட்டான்.

அவர் திரும்பவில்லை. பென்சன் வருதுன்னான். வருதுன்னா வருதுன்னுதான அர்த்தம். ஒருத்தன் வாயால சொன்னத நம்பறது தப்பா? அவ சொல்றா இப்போ. அவன் நின்னத நான் பாத்தனா?

சரிவில் அவருடைய கொள்ளுக் காட்டுக்குள் யாருடைய ஆடோ புகுந்து மேய்ந்துகொண்டிருந்தது. குனிந்து ஒரு கல்லை எடுத்தார். ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. கல்லை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வரப்போடு போய்க்கொண்டிருந்தார்.