கப்பியில் கிடந்த நீலம்

இடுக்கியால் டைலை இழுத்தாள் ராணி. சூளை முழுசாக ஆறவில்லை. கையுறையைத் தாண்டிச் சுட்டது. பொறுக்க நேரமில்லை. பல் டாக்டரம்மா இப்போது வந்துவிடுவார்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பச்சை.

"போச்சு!"

வேண்டியது நீலம். அவளே செய்து கொடுத்த மாதிரி டைல் மேஜைமேல் இருந்தது. மழை விட்ட வானம் போல வெளிர் நீலம். அதைப் பார்த்துத்தான் டாக்டரம்மா கிளினிக் சுவருக்கு ஆர்டர் கொடுத்தார். அதே காலி பாட்டில்கள், அதே வெள்ளைக் களிமண், அதே சூடு. அரைத்ததும் கரைத்ததும் பூசியதும் அவளேதான்.

பின்னால் ஒரு செருமல். அண்ணன்.

"என்ன பாட்டில்ராணி, பச்சைக்கொடி காட்டிட்டியா?"

உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி அரைத்து டைலுக்கு மெருகு செய்ய ஆரம்பித்தபோது அவன் வைத்த பெயர் அது. சூளை இருவருக்கும் பொது. அவன் சுடுவது பூந்தொட்டி.

"பேச்சு பேச்சா இருக்கணும். இந்த ஆர்டர் ஊத்திக்கிச்சுன்னா சூளை எனக்கு. உன் கண்ணாடிக் கடையை மூட்டை கட்டிடு."

"அதுக்குள்ள என்ன அவசரம்?"

"எனக்கென்ன அவசரம்? என் தொட்டிங்கதான் பாவம், வரிசையில நிக்குது."

வாசலில் கார் நின்றது. டாக்டரம்மா உள்ளே வந்தார். இரண்டு டைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கொத்தனார் நாளன்னைக்கு வர்றார். அதுக்குள்ள இந்த நீலத்துல ஒண்ணு காட்டுங்க. இல்லேன்னா நான் கடையில வாங்கிக்கிறேன்மா."

கார் போனது. அண்ணன் சூளைக் கதவைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தான். ராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யோசி. மாதிரிக்கு அரைத்ததில் வேறென்ன விழுந்தது?

கப்பி!

அரைத்த குழம்பைச் சல்லடையில் ஊற்றினால் மேலே தங்குகிற நொய்தான் கப்பி. யாராக இருந்தாலும் கொட்டிவிடுவார்கள். ராணிக்கு மனசு வராது. டப்பா நிறையட்டும், மறுபடி அரைக்கலாம் என்று சேர்த்து வைப்பாள். டப்பாவைத் தட்டில் கவிழ்த்துத் தண்ணீர் விட்டு அலசினாள்.

நொய்க்கு நடுவே நகத்தளவு துண்டு ஒன்று. முனை மழுங்கியிருந்தது. கருநீலம். அதில் ஆழமாகச் செதுக்கிய பாதித் திராட்சைக் குலை.

தூக்கிவாரிப் போட்டது. அந்தத் திராட்சை அவளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் கல்யாணத்துக்குக் கடை கடையாக ஏறி இறங்கி அவள் வாங்கிக் கொடுத்த கண்ணாடி செட். கூஜா, தம்ளர்கள், பெரிய கிண்ணம். திராட்சைக் குலை இருந்தது கூஜாவில்தான். எப்போது கேட்டாலும் அண்ணி ஒரே பதில்தான் சொல்வாள்: "பரண்ல பத்திரமா இருக்கு."

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. வீட்டில் உடைகிற கண்ணாடியும் இவள் சாக்கில்தான் விழும்.

ஓடினாள். அண்ணன் பின்னாலேயே வந்தான்.

அடுப்படியில் இருந்த அண்ணி, ராணி நீட்டிய உள்ளங்கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"கூஜா கை தவறிடுச்சா அண்ணி? போனா போகுது, சொல்லியிருக்கலாம்ல? மீதி இருக்கா? அந்த நீலம்தான் இப்ப எனக்கு வேணும்!"

"ஏண்டி, எங்கிட்டகூடச் சொல்லலையே!" என்றான் அண்ணன்.

"சொன்னா? உடனே தங்கச்சிகிட்ட ஒலிபரப்பிட மாட்டீங்க?"

அண்ணி ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கினாள். தம்ளர்களும் கிண்ணமும் கீறல்கூட இல்லாமல் இருந்தன. ஒரு சுவருக்குத் தாராளம். அண்ணன் முகம் தொங்கிப்போனது.

ராணி கிண்ணத்தைத் தூக்கினாள். அடியில், துணி சுற்றிய சுத்தியல். துணியெல்லாம் நீலப் பொடி.

"இது எதுக்கு அண்ணி இங்க?"

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கூஜா கை தவறல, ராணி. பிரிச்சுப் பார்த்த அன்னிக்கே அந்த செட்டு எனக்குப் பிடிக்கல. ஒவ்வொண்ணா முடிச்சிடலாம்னுதான் இருந்தேன்."