சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு மருந்துப் பாட்டில்

அந்தத் தையல் தொழிற்சாலையில் யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிடும் வழக்கமில்லை. சட்டையில் எந்தப் பாகத்தைத் தைக்கிறாளோ, அதுவே அவள் பெயர். காலர் தைப்பவள் காலர். பட்டன் வைப்பவள் பட்டன். கை தைப்பவளை மட்டும் கைக்காரி என்பார்கள். வாய் பேசும் முன்னே அவள் கை பேசிவிடும் என்பதால் அந்தப் பெயர் அவளுக்கு இரண்டு வகையிலும் பொருந்தியது.

காலைச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், சைக்கிள் ஸ்டாண்டின் பின்பக்கம் ஒரு சின்னக் கூட்டம் சேரும். இடுப்பில் குழந்தையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக நிற்கும் அம்மாக்கள். பட்டனின் பையில் காய்ச்சல் மருந்துப் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். யார் குழந்தைக்கு உடம்பு சுடுகிறதோ, பாட்டிலோடு வந்த குட்டிக் கப்பில் ஊற்றி அதன் வாயில் விடுவார்கள். கப்பைக் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்து அடுத்த குழந்தைக்கு ஊற்றுவார்கள். பிறகு கொஞ்ச நேரம் நிழலில் நிற்பார்கள். குழந்தைக்கு வேர்க்க வேண்டும். வேர்வையைத் துடைத்துவிட்டால் நெற்றி குளிர்ந்திருக்கும். தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பக வாசலில் டீச்சர் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டினால், அது சமர்த்தாகச் சரியான எண்ணைக் காட்டும். குழந்தை உள்ளே, அம்மா மிஷினுக்கு.

இதை அவர்கள் ஏமாற்று என்று நினைக்கவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி செய்யும் உதவி என்றுதான் நினைத்தார்கள்.

அன்றைக்குக் காலர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். மகளுக்கு இரண்டு வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். கண் சொருகி, அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"ராத்திரி பூரா அனத்திக்கிட்டே இருந்தா பட்டன். மூக்கு வேற ஊத்துது."

"அவங்கப்பா என்ன சொல்றாரு?"

"என்ன சொல்லுவாரு? 'நான் லீவு போட்டா பார்சல் வேனை உங்கப்பனா ஓட்டுவாரு?'ன்னு கேக்குறாரு."

"எங்க வீட்டு மகராசனும் அதே ரகம்தான். சரி, கொண்டா இங்க."

பட்டன் தன் ஏழு மாத மகனைக் காலரிடம் கொடுத்துவிட்டு, குட்டிக்கு மருந்தை ஊற்றினாள். மகனுக்குப் பஞ்சு என்று செல்லப் பெயர். கன்னமும் காலும் அப்படி இருக்கும். குட்டி ஒரு வாய் குடித்துத் தும்மினாள். பஞ்சு அதைப் பார்த்துப் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான். இரண்டு அம்மாக்களும் சிரித்தார்கள்.

ஒரு நாள் லீவு போட்டுத் தொலைத்தால் என்ன என்று கேட்கலாம். கேட்பது சுலபம். அவர்கள் தைக்கும் மிஷின் வரிசையான அந்த லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். காலையிலிருந்து மாலைவரை "ஓட்டு, ஓட்டு" என்று மிஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பதால் அவருக்கு ஓட்டு சார் என்று பெயர். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போய் நின்றால், "காய்ச்சல் உனக்கா, குழந்தைக்கா? குழந்தைக்குன்னா குழந்தை லீவு எடுக்கட்டும்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். சொல்லாமல் நின்றுவிட்டவளை மறுநாள் நூல் வெட்டும் மேசைக்கு அனுப்புவார். அங்கே நாள் முழுக்க நின்றபடி வேலை. போனவள் தன் மிஷினுக்குத் திரும்புவது அவர் மனசு வைத்தால்தான். நடுவில் வெளியே போக வேண்டுமென்றால் அவர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும். அந்தக் கையெழுத்தை வாங்குவதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

காப்பகம் ஒரே அறை. காய்ச்சல் வந்த குழந்தையைத் தனியாகப் படுக்க வைக்கக் கட்டிய சின்ன அறையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மதியத்துக்கு முன்பே மருந்தின் வேகம் தணிந்து குட்டியின் உடம்பு கொதித்தது. அதுவரை அவள் எல்லாப் பிள்ளைகளோடும் பாயில் புரண்டாள். பஞ்சு சப்பிய கிலுகிலுப்பையைப் பிடுங்கித் தானும் சப்பிவிட்டு, நல்ல பிள்ளையாக அவன் வாயிலேயே திருப்பி வைத்தாள். டீச்சர் மாடியில் அம்மாக்கள் தைக்கும் தளத்துக்குச் சொல்லி அனுப்பினாள். "சாப்பாட்டு நேரத்துல வந்து பாப்பாங்க" என்று பதில் வந்தது.

குட்டிக்குச் சில நாளில் சரியாகிவிட்டது. அதற்குள் காப்பகத்தில் மூக்கு ஒழுகாத பிள்ளை இல்லை. சைக்கிள் ஸ்டாண்டின் பின்னால் கூட்டம் பெருத்தது.

பஞ்சுக்கும் இருமல் வந்தது. பட்டன் தன் பாட்டிலிலிருந்து தன் மகனுக்கே ஊற்றினாள். வேர்த்தது. துடைத்தாள். கருவி சரியான எண்ணைக் காட்டியது. "சளி கொஞ்சம் இருக்கு டீச்சர், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, சங்கு ஊதும் முன் படியேறினாள்.

டீச்சருக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. வேலைக்கு நடுவில் பஞ்சுவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அழவேண்டிய பிள்ளை அழாமல் கிடந்தான். பால் புட்டியை வாயில் வைத்தால் இரண்டு வாய் இழுத்துவிட்டு மூச்சு வாங்கினான். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழே குழி விழுந்து எழுந்தது. உடனே தளத்துக்கு போன் போட்டாள்.

போனை எடுத்தவர் ஓட்டு சார். அன்று மாலை ஏற்றுமதிக்கு லாரி வரவேண்டும். அவர் காதில் போனும் கண்ணில் லாரியுமாக நின்றார்.

"என்னது, மூச்சு இழுக்குதா? சளின்னா அப்படித்தான் இருக்கும் டீச்சர். சாப்பாட்டு நேரத்துல அனுப்புறேன். இப்ப பட்டனை எழுப்பினா என் லைன் என்னாகிறது?"

போனை வைத்துவிட்டு "ஓட்டு, ஓட்டு" என்றார். பட்டனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் மேசைக்கு மிக அருகே உட்கார்ந்திருந்தவள் காலர். மூச்சு இழுக்குதா என்ற சொல்லும் பட்டன் என்ற பெயரும் அவள் காதில் விழுந்தன. யாரிடமிருந்து ஒட்டிய சளி அது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கை தானாக ஒரு காலரை மடித்துத் தைத்தது. இன்னொன்றை எடுத்தது. பிறகு நின்றது. அவள் மிஷினை அணைத்தாள்.

காலர் வராமல் சட்டையில் கை ஏறாது. கை ஏறாமல் பக்கம் மூட முடியாது. கைக்காரி தலையைத் தூக்கினாள். அவளுக்கு அடுத்தவள் தூக்கினாள். ஒவ்வொரு மிஷினாகச் சத்தம் அடங்கியது.

"ஏய், என்ன அங்க? நூல் அறுந்துடுச்சா?"

"அறுந்தது நூல் இல்ல சார்" என்றாள் காலர். எழுந்து, லைனின் கடைசிவரை நடந்து, பட்டனின் தோளைத் தொட்டாள். "பஞ்சுக்கு மூச்சு இழுக்குதாம். டீச்சர் போன் பண்ணினாங்க. இவரு உன்கிட்ட சொல்லல. கிளம்பு."

பட்டன் ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். அடுத்த கணம் அவள் அங்கே இல்லை.

"கேட் பாஸ் இல்லாம யாரும் வெளிய போகக் கூடாது!" ஓட்டு சார் கத்தினார். "காலர், நாளைக்கு உனக்கு நூல் வெட்டுற மேசைதான், சொல்லிட்டேன்!"

"நாளைக்குப் பேசலாம் சார். இன்னைக்குப் புள்ள பொழைக்கட்டும்."

கைக்காரி எழுந்தாள். அவள் எழுந்ததும் ஓட்டு சார் இரண்டடி பின்னால் போனார். அவளோ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காலரின் பின்னே நடந்தாள். அதற்கப்புறம் லைனே எழுந்தது.

வாசலில் காவலாளி பாஸ் கேட்டான். பஞ்சுவை மார்போடு அணைத்தபடி பட்டன் நின்றாள். குழந்தையின் உதடு வெளுத்திருந்தது. பின்னால் பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. காலர் மட்டும் சொன்னாள்.

"அண்ணே, உங்களுக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கு. இவன் மூச்சைப் பாருங்க. பாத்துட்டு அப்புறம் பாஸ் கேளுங்க."

காவலாளி பார்த்தான். கதவைத் திறந்தான். டீச்சர் அதற்குள் வண்டிக்குச் சொல்லியிருந்தாள். காப்பகத்துப் பிள்ளைகளை அந்தப் பெண்களிடம் விட்டுவிட்டு, மருத்துவமனைக்கு டீச்சரும் கூடவே ஏறிக்கொண்டாள்.

மாலையில் காலர் அங்கே போனபோது பஞ்சுவின் மூக்கில் பிராணவாயுக் குழாய் இருந்தது. பட்டன் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் இளம்பெண். களைத்திருந்தாள், ஆனாலும் பொறுமையாகப் பேசினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் தாமதமாகியிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும். பெரிய குழந்தைங்களுக்கு வெறும் சளியா வந்துட்டுப் போற கிருமி, கைக்குழந்தைக்கு நெஞ்சுல இறங்கிடும். காலையில ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?"

பட்டன் தலை குனிந்துகொண்டாள். காலர்தான் எல்லாவற்றையும் சொன்னாள். வேர்வை, கைக்குட்டை, கப்பு, ஒன்றையும் மறைக்கவில்லை.

"அந்த மருந்து சூட்டைத்தான் குறைக்கும்மா. கிருமியை ஒண்ணும் பண்ணாது. நெத்தி சில்லுன்னு இருந்தாலும் நோய் தொத்திக்கிட்டேதான் இருக்கும். பாத்துக்கிறவங்களுக்கும் காய்ச்சல் இருக்கிறதே தெரியாமப் போயிடும். ஒரே கப்புல எல்லாருக்கும் ஊத்துறது, நோயைப் பங்கு போட்டுக் கொடுக்கிற மாதிரி."

மருத்துவர் போன பிறகு காலர் பட்டனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "என் பொண்ணுகிட்ட இருந்துதான்டி..." என்று தொடங்கினாள். பட்டனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்து ஊத்துனது யாரு? நான்தானே" என்றாள் பட்டன்.

இருவரும் அழுது தீர்த்தார்கள். அழுது முடித்தபோது காலருக்கு அழுகை போய்க் கோபம் மட்டும் மிச்சமிருந்தது. தன் மேலும் கோபம்தான். ஆனால் தன் மேல் மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே குட்டிக்கு உடம்பு சரியில்லன்னா ஒரு நாள் நான் இருப்பேன், ஒரு நாள் நீ இருக்கணும்."

"வேனு?"

"வேனு நிக்கும். அதுக்கு ஒண்ணும் காய்ச்சல் வராது."

அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "சரி" என்றான்.

பஞ்சுவின் மூச்சு சீரான சேதி வந்த அன்று மேனேஜர் தளத்துக்கு இறங்கி வந்தார். மிஷின் நின்ற அன்றைக்கு லாரி பாதிச் சட்டையோடு போயிருந்தது. ஓட்டு சார் அவர் பின்னால் தெம்பாக நின்றார்.

"மிஷினை முதல்ல நிறுத்தினது யார்?"

காலர் எழுந்தாள். "நான்தான் சார்."

"பெரிய மனசு பண்ணி உன்னை வேலையை விட்டு அனுப்பல. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுட்டு நூல் வெட்டுற மேசைக்குப் போ. விஷயத்தை இதோட விட்டுடலாம்."

"மன்னிப்புக் கேக்கத்தான் சார் போறேன்" என்றாள் காலர். ஓட்டு சார் முகம் மலர்ந்தது. அவள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. மருத்துவமனையிலிருந்து அரைமணி நேரத்துக்கென்று வந்திருந்த பட்டனைப் பார்த்தாள். பட்டன் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள்.

"பட்டன், என் பொண்ணுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சும் மருந்தைக் கொடுத்து மறைச்சு உள்ள விட்டேன். உன் புள்ள சாகப் பாத்தான். என்னை மன்னிச்சுடு."

பட்டன் தலையை அசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலர் இப்போது மேனேஜரைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"மிஷினை நிறுத்தினதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன் சார். மேசைக்கும் போக மாட்டேன். போன் வந்தும் பெத்தவகிட்ட சொல்லாதவருதான் கேக்கணும். நாங்க ஏன் மறைச்சோம்னு தெரியுமா? உண்மையைச் சொன்னா எங்களுக்கு இங்க தண்டனை. அதனால பொய் சொன்னோம். அந்தப் பொய்க்குத் தண்டனை அனுபவிச்சது ஒரு கைக்குழந்தை. இனிமே நாங்க பொய் சொல்றதா இல்ல. காய்ச்சல்னா காய்ச்சல்னுதான் சொல்லுவோம். குணமாகுற வரைக்கும் புள்ளைங்க வீட்டுல இருக்கும், பக்கத்துல நாங்களோ அவங்க அப்பனோ இருப்போம். நடுவுல உடம்பு முடியாமப் போனா தனியா படுக்க வைக்க அந்த அறை வேணும், பெட்டியை எல்லாம் எடுத்துடுங்க. டீச்சர் போன் பண்ணினா அந்த நிமிஷமே பெத்தவ போகணும். அதுக்குப் பாஸ் கேக்கக் கூடாது."

"இது என்ன, மிரட்டலா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். ஒரு புள்ள நோயை மறைச்சா அது ஒரு வீட்டோட நிக்காது. மறைக்க வைக்கிறவங்க வீட்டுக்கும் ஒரு நாள் வரும். புள்ளைக்கு நோய் வர்றது யாரோட குத்தமும் இல்ல. அதை மறைக்கிறதும், மறைக்க வைக்கிறதும்தான் குத்தம்."

ஓட்டு சார் பழக்க தோஷத்தில் "ஓட்டு, ஓட்டு" என்றார்.

யாரும் ஓட்டவில்லை. கைக்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் லைனை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு காவலாளியைக் கூப்பிட்டு, அந்த அறையிலிருந்து பெட்டிகளை வெளியே எடுக்கச் சொன்னார். முதல் பெட்டி கீழே வாசலில் இறங்கும் சத்தம் கேட்கும்வரை ஒருத்தியும் மிஷினைத் தொடவில்லை.