சோமுவையும் கூட்டிட்டுப் போங்க

சாயங்காலம் ஆறரைக்குச் செல்வமேரி தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சுந்தரராமன் வீட்டு மாடிக்கு ஏறுவாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு ரேடியோ, இரண்டு நாற்காலி. அறையின் ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டுத் தென்னைமரம் வரைக்கும் ஒரு செம்புக் கம்பி போகும். இந்தியப் பெருங்கடலில் பாய்மரப் படகில் போய்க்கொண்டிருந்த அவள் கணவர் சின்னப்பனின் குரல் அந்தக் கம்பி வழியாகத்தான் தாம்பரத்துக்கு வந்தது.

சின்னப்பன் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரோ ஒரு வெள்ளைக்காரர் கொச்சியில் விட்டுவிட்டுப் போன பழைய படகை வாங்கிச் சரிசெய்து, ஜனவரியில் அங்கிருந்து செஷல்ஸ் தீவுகளுக்குக் கிளம்பியிருந்தார். கூட வேறு ஆள் இல்லை. சோமு என்ற நாய் மட்டும் இருந்தது.

சுந்தரராமன் டெலிபோன்ஸில் இருந்தவர். ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருந்தார். அவரைப் போன்ற சிலர் தினமும் மாலையில் ஒரே அலைவரிசையில் கூடி, கடலில் இருக்கும் படகுகளை வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். எங்கே இருக்கிறீர்கள், காற்று எப்படி, உடம்பு எப்படி. சின்னப்பனிடமும் அந்த உரிமம் இருந்தது. செல்வமேரியிடம் இல்லை. உரிமம் இல்லாதவர்கள் மைக்கில் பேசக் கூடாது. அதனால் அவள் சொல்வதைச் சுந்தரராமன் தன் வாயால் சொல்வார். பதில் அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்யும், அதே உரிமம் உள்ள சவுரிமுத்துவுக்கும் கேட்கும்.

பேசுவதற்கு முன்னால் சின்னப்பன் ரேடியோவைச் சரிசெய்யும்போது படகில் ஒரு நீண்ட விசில் சத்தம் எழும். அது சோமுவுக்கு ஆகாது. கழுத்தைத் தூக்கி ஊளையிட ஆரம்பித்துவிடும். அவர் மைக்கை எடுக்கும்போது ஊளையின் வால் பகுதி இந்தப் பக்கம் வந்து சேரும்.

"நாய் வந்துட்டு. இனி ஆளு வருவாரு," என்பார் சவுரிமுத்து.

கிளம்பிய புதிதில் சோமு படகில் சிறுநீர் கழிக்க மறுத்துவிட்டது. மண்ணும் மரமும் இல்லாத இடத்தில் போகக் கூடாது என்று அதற்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒரு மாலை சின்னப்பனின் குரல் தெளிவாக வந்தது. "மேரிகிட்ட சொல்லுங்க சுந்தர். சோமு ஒண்ணுக்குப் போயிட்டான். அவ குடுத்தனுப்பின தேங்காய்நார் மிதியடியிலதான். ஓவர்."

"வாழ்த்துகள் அண்ணாச்சி. இங்க வெடி போட்டுருவமா? ஓவர்," என்றார் சவுரிமுத்து.

சுந்தரராமன் வாய்விட்டுச் சிரித்தார். செல்வமேரியும் சிரித்தாள். வீடு திரும்பும்போது கேம்ப் ரோட்டில் நடந்தபடி யோசித்தாள். இரண்டு வருடமாக வீட்டுக்குள் அவர் இவ்வளவு பேசியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுடைய ஒரே மகன் விக்கி, சிறுசேரியில் வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது, மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரியில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அடக்கம் முடிந்த நாளிலிருந்து சின்னப்பன் அவன் பெயரைச் சொல்லவில்லை. சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், விக்கி வளர்த்த நாயான சோமுவை நடக்கக் கூட்டிப்போவார். அவளும் சொல்லவில்லை. ஒருவர் சொல்லட்டும் என்று இன்னொருவர் காத்திருந்ததில் அந்த வீட்டில் மௌனம் ஒரு மூன்றாவது ஆளைப்போலக் குடியேறிவிட்டது.

பிறகு அவர் படகு வாங்கினார். அவள் தடுக்கவில்லை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு வங்கிக் கணக்கு, வீட்டு வரி எல்லாவற்றையும் அவள் பெயருக்கு மாற்றினார். கடைசியில் கேஸ் கனெக்‌ஷனையும் மாற்றினார். அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. திரும்பி வர நினைக்கிறவன் கேஸ் கனெக்‌ஷனை ஏன் மாற்றுகிறான்?

நேராகக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. "சோமுவையும் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

"நாயை எதுக்குக் கடல்ல? பைத்தியமா உனக்கு?"

"என்னால பாத்துக்க முடியாது. அது உங்க பின்னாடியேதான சுத்துது."

அது பொய் என்று அவருக்குத் தெரியும். சோறு போடுவது அவள்தான். அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நாயைப் பார்த்தார். "சரி," என்றார். விக்கியின் நாயைப் பட்டினி போடவோ தண்ணீரில் விடவோ அவரால் முடியாது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். செஷல்ஸில் வெளியூர் நாயைக் கரையில் இறக்க லேசில் அனுமதி கிடைக்காது என்று சுந்தரராமன் சொன்னபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். அங்கேயே தங்கிவிடவும் முடியாது. நாயோடு திரும்பித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு மாலை சின்னப்பனின் குரல் வந்தது. ஊளை வரவில்லை.

காற்று வேகம் சொன்னார், திசை சொன்னார். சுந்தரராமன் வழக்கம்போல, "சோமு எப்படி இருக்கான்னு மேடம் கேக்கறாங்க. ஓவர்," என்றார். உண்மையில் அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை.

"நல்லா இருக்கான். தூங்குறான். ஓவர்."

மறுநாளும் ஊளை இல்லை. "என்ன அண்ணாச்சி, நாய்க்கு இன்னைக்கும் லீவா?" என்று சவுரிமுத்து கேட்டார். "வெயில் ஜாஸ்தி. கீழ படுத்திருக்கான்," என்று பதில் வந்தது. அந்தக் குரலைச் செல்வமேரிக்குத் தெரியும். விக்கி உள்ளே இருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில், "டாக்டர் நல்லாத்தான் சொன்னாரு," என்று சொன்ன அதே குரல்.

அன்றிரவு அவள் சமைக்கவில்லை. நாய் போய்விட்டது. அவரைக் கட்டி வைக்கத்தான் அதை அனுப்பினாள். ஒரு வாயில்லாப் பிராணியைக் கயிறாகத் திரித்துக் கடலில் போட்டுவிட்டாள். அதற்கு என்ன தெரியும்? பையைத் தூக்கினால் வாலாட்டிக்கொண்டு வந்தது. விக்கி தன் முதல் சம்பளத்தன்று வேளச்சேரியிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி.

தெரியாததுபோல இருந்துவிடலாமா என்று யோசித்தாள். தினமும் சோமுவைக் கேட்கலாம். அவரும் தினமும் ஒரு பொய் சொல்வார். பொய் சொல்ல வேண்டியிருக்கும்வரை ஆள் இருப்பார். ஆனால் அந்த நடுக்கடலில், தனியாக, இல்லாத நாய்க்குச் சோறு போட்டதாகச் சொல்லிவிட்டு மைக்கை வைத்தபிறகு அவர் என்ன செய்வார்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"சார், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. எதையும் மாத்தாதீங்க."

"எல்லாரும் கேட்டுண்டிருப்பா மேடம்."

"கேக்கட்டும்."

அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். சுந்தரராமன் மைக்கைப் பார்த்தபடி திருப்பிச் சொன்னார். "சின்னப்பன், செல்வமேரி சொல்றாங்க. சோமு இல்லைன்னு எனக்குத் தெரியும். நீங்க திரும்பி வரணும்னுதான் அவனை உங்ககூட அனுப்பினேன். நான் செஞ்சது தப்பு." அங்கே அவர் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். "அவன் இல்லாட்டியும் நீங்க வரணும். ஓவர்."

இரைச்சல் மட்டும் வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட, ரேடியோ கரகரத்து, ஓய்ந்தது. சின்னப்பன் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்று சுந்தரராமன் மெதுவாகச் சொன்னார். படகின் மரம் முனகுவது கேட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுவது கேட்டது. 

"பெல்ட் உரசி அவன் கழுத்துல புண்ணு," என்று கடைசியில் குரல் வந்தது. "பாவமா இருந்துச்சு, அவுத்துவிட்டேன். பாயை இறக்கிட்டிருந்தேன். ஒரு அலை. திரும்பிப் பாத்தா இல்ல. படகைத் திருப்பி இருட்டுற வரைக்கும் சுத்தினேன் மேரி. எல்லா அலையும் அவன் தலை மாதிரியே தெரிஞ்சுது." மறுபடி தண்ணீர்ச் சத்தம். "விக்கி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அந்தப் பெயர் அறைக்குள் வந்து நின்றது. செல்வமேரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.  சுந்தரராமன் காத்திருந்தார்.

"சாப்பிட்டாரான்னு கேளுங்க," என்றாள்.

"இல்ல," என்று வந்தது. அதற்குப் பிறகு குரல் மங்கத் தொடங்கியது. இருட்டும்போது வானம் மாறி ரேடியோ அலைகள் தடுமாறும் நேரம் அது. "மே மாசம் வரைக்கும் திரும்பி வர்றதுக்குக் காத்து எதிராத்தான் இருக்கும். அதுக்கப்புறம்தான் செஷல்ஸ்லேருந்து கிளம்ப முடியும். லேட் ஆகும் மேரி. ஓவர்."

செல்வமேரி அழுதுகொண்டிருந்தாள். "ஆகட்டும்னு சொல்லுங்க. சாப்பிடச் சொல்லுங்க."

சுந்தரராமன் சொன்னார். இரண்டு முறை சொன்னார். தாம்பரம் கேட்கவில்லை, தாம்பரம் கேட்கவில்லை என்று சின்னப்பனின் குரல் இரைச்சலுக்குள் தேடியது. அப்போது தூத்துக்குடியிலிருந்து சவுரிமுத்து உள்ளே வந்தார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"அண்ணாச்சி, நான் வாங்கிச் சொல்லுதேன். லேட்டானா ஆகட்டும்னு அக்கா சொல்லுதாவ. உங்களச் சாப்பிடச் சொல்லுதாவ. ஓவர்."

பதில் வந்ததா என்று தாம்பரத்தில் தெரியவில்லை. சற்று நேரம் கழித்துச் சவுரிமுத்துவே சொன்னார். "கேட்டுட்டாரு சுந்தர் சார். அடுப்புப் பத்தவைக்கப் போறேன்னாரு."