எலேனாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது

எலேனா சுவிஸின் பாடன் நகரில் ஒரு மருத்துவமனையில் நீரிழிவு ஆலோசகராக வேலை செய்தாள். மன்னாரில் பிறந்து, சிறு பிள்ளையாகச் சுவிசுக்கு வந்தவள். பெயரை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவள் எந்த நாட்டுக்காரி என்று பிடிபடாது. அப்படிப் பெயரைப் பார்த்த யாரோதான் மிலாக்றோஸை அவளிடம் அனுப்பியிருக்க வேண்டும்.

மிலாக்றோஸ் டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்தவள். ஐம்பதைத் தாண்டியவள். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. உள்ளே வந்து பெயர்ப்பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உட்காருமுன்னே ஸ்பானிஷில் கதைக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது என்று எலேனா ஜேர்மன் மொழியில் மெல்லச் சொன்னபோது, பாதி வசனத்தில் நின்றுபோனாள்.

‘ஒத்துழைப்பதில்லை’ என்று அவளைப் பற்றிக் கணினியில் எழுதியிருந்தது. மருத்துவர் இன்சுலின் எழுதிக் கொடுத்து ஒரு வருடமாகியும் இரத்தத்தில் சீனி இறங்கவில்லை. இதுவரை அவளுடைய சுவிஸ் கணவர் ஊர்ஸ்தான் கூட வந்து மொழிபெயர்த்தார். நல்ல மனிதர். ஆனால் மனைவி நெடுநேரம் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, “சரியாம்” என்று முடித்துவிடுவார். அவளுக்குக் கொடுத்திருந்த உணவுப் படத்தாளில் ரொஸ்டி, மியூஸ்லி, கறுத்தப் பாண் என்று சுவிஸ் சாப்பாடுகளே இருந்தன. அவள் வீட்டில் சமைக்கிற எதுவும் அதில் இல்லை.

அன்று ஊர்ஸ் வரவில்லை. எலேனா தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தாள். இன்சுலினைப் பற்றி உடனே கேட்கவில்லை.

“ஞாயிற்றுக்கிழமையில என்ன சமைப்பியள்?”

சோறு, சிவப்பு அவரை, கோழி, பொரித்த வாழைப்பழம். சொல்லிவிட்டு மிலாக்றோஸ் சந்தேகமாகப் பார்த்தாள். “சோத்தை விடச் சொல்லப்போறியளோ?”

“இல்லை. எங்கட வீட்டிலயும் சோறுதான். சோத்தைக் கொஞ்சம் குறைச்சு அவரையைக் கூட்டுவம். பழத்தைப் பொரிக்காமல் பச்சைக் காயை அவிச்சு, அளவாச் சாப்பிட்டுப் பாருங்கோ.”

மிலாக்றோஸ் கைப்பையை மடியிலிருந்து கீழே வைத்தாள். அதன் பிறகுதான் எலேனா ஊசியைப் பற்றிக் கேட்டாள். மிலாக்றோஸ் யன்னலைப் பார்த்தபடி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். மொழிபெயர்ப்பாளரின் குரலும் தாழ்ந்துதான் வந்தது.

“இவவின்ர அம்மாவுக்கு ஊசி தொடங்கின கொஞ்ச நாளில கண்பார்வை போயிட்டுதாம். பிறகு ஒரு காலையும் எடுத்தவையாம். ஊசி போட்டால் கண் போகும் எண்டு ஊரில எல்லாருக்கும் தெரியுமாம். இவ ஒரு நாளும் போடேல்லையாம்.”

இந்தக் கதையை எலேனா தமிழிலும் பலமுறை கேட்டிருக்கிறாள்.

“கண்ணைப் பறிச்சது ஊசியில்லை, கன வருசமா ஏறி நிண்ட சீனி. ஊசி பிந்தி வந்திருக்கு. வீடு எரிஞ்சு முடிய தீயணைப்பு வண்டி வந்தால், வண்டிதான் எரிச்சது எண்டு சொல்லலாமோ?”

மிலாக்றோஸ் கவனமாகக் கேட்டாள். ஆனால் நம்பவில்லை. “கனகாலம் ஊசி போட்டும் கண் தெரியிற ஒரு ஆளைக் காட்டுங்கோ.”

அப்படி ஒருவர் எலேனாவின் வீட்டிலேயே இருந்தார். அவளுடைய அப்பா பேனாட் பல வருடங்களாக இன்சுலின் போடுகிறவர். அது வீட்டுக்கு வெளியே எவருக்கும் தெரியாது. கலியாண மண்டபங்களில் கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் போடுவார். சலரோகம் முத்திவிட்டதாகச் சனம் கதைக்கும் என்ற பயம். ஸ்பானிஷ் பேசுகிற ஒருவருக்கு முன்னால் வந்து ஊசி போட்டுக் காட்டுவாரா என்று, பெயர் எதையும் சொல்லாமல் எலேனா அவரிடம் கேட்டாள்.

“ஸ்பானிஷ் ஆக்களோ?” என்று பேனாட் யோசித்தார். முன்பு டாவோஸில் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவியபோது பக்கத்தில் நின்றவர்கள் ஸ்பெயின்காரர்கள். ஜேர்மன் பிடிபடுமுன்னே அவருக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் வந்துவிட்டது. “எங்கட ஆக்கள் இல்லையெண்டால் வாறன்.”

ஸ்பானிஷில் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலின் மண்டபத்தை எலேனா கேட்டு வாங்கினாள். ஞாயிறு பூசை முடிந்து மிலாக்றோஸ் சமைத்து எடுத்து வந்தாள். ஊசிக்குப் பயந்திருந்த சிநேகிதிகளையும் கூட்டி வந்தாள். மொழிபெயர்ப்பாளரும் இம்முறை நேரிலேயே வந்திருந்தார்.

பேனாட் எல்லோருக்கும் முன்னால் நின்று சேர்ட்டை உயர்த்தினார். வயிற்றில் ஊசியைப் போட்டுவிட்டு ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“‘இன்சுலின் கெதியா, கோப்பை பிறகு’ எண்டு ஹோட்டல் குசினிப் பாசையில சொல்லுறார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மிலாக்றோஸ் மட்டும் சிரிக்கவில்லை. மண்டபத்தின் மறுகோடிக்குப் போய்ச் சுவரில் தொங்கிய படத்தைத் தொட்டு, இது யார் என்று அங்கிருந்தே பேனாட்டைக் கேட்டாள்.

“அந்தோனியார். கையில குழந்தை யேசு,” என்றார் பேனாட் உடனேயே.

அவள் படத்தையும் தூரத்தில் நின்ற பேனாட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்து கைப்பையிலிருந்து இன்சுலின் ஊசிப் பேனாவை எடுத்து எலேனாவிடம் நீட்டினாள். பிரிக்காத புதுப் பேனா. கொண்டுதான் வந்திருக்கிறாள். எலேனா பேனாவின் முனையைத் திருகி அளவை வைத்துக் காட்டினாள். மிலாக்றோஸ் கண்ணை மூடிக்கொண்டு தானே போட்டாள். கண்ணைத் திறந்து ஊசி குத்திய இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானோ?”

இலையுதிர்காலத்தில் வந்த இரத்தச் சோதனையில் சீனி நன்றாகக் குறைந்திருந்தது. இன்னும் குறைய வேண்டும். மருத்துவமனை புதிய படத்தாள் ஒன்றை அச்சடித்தது. அதில் சோறும் அவரையும் வாழைக்காயும் இருந்தன. ஊர்ஸ் வாழைக்காய் அவிக்கப் பழகியிருந்தார்.

ஒருநாள் பேனாட் தானாகவே கேட்டார்.

“எங்கட கோயிலிலயும் இப்பிடி ஒண்டு வைச்சால் என்ன?”

“எல்லாருக்கும் தெரியவரும், அப்பா.”

“தெரியட்டும்.”

அந்தக் கூட்டத்துக்கு மிலாக்றோஸும் வந்தாள். பேனாட்டுக்குப் பக்கத்தில் நின்று தன் ஊசியைப் போட்டாள். பின்வரிசையில் தனியே இருந்த, அதே கோயிலைச் சேர்ந்த ஸ்ரான்லி, எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்த பிறகு எலேனாவிடம் வந்தார்.

“தங்கச்சி, நாளைக்கு உங்களட்டை வரலாமோ?”

“வாங்கோ அண்ணை,” என்றாள் எலேனா. “வரேக்க உங்கட வீட்டுக்கார அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. வீட்டுச் சமையலைப் பற்றியும் கதைப்பம்.”