அதே மரத்து ஆப்பு

மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் ஏறும்போதெல்லாம் பிராவுலியோவுக்கு ஒரே எண்ணம்தான்: இன்றைக்காவது அண்ணன் வாயைத் திறந்து தின்றிருந்தால் தேவலை. பாசம் பொங்கி வந்த கவலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அறுபத்தெட்டு வயதில், மலைமேல் இருக்கும் ஊரிலிருந்து பனியில் பஸ் பிடித்து சோரியா நகரத்து ஆஸ்பத்திரிக்கு தினமும் வந்துபோக அவர் முட்டியில் தெம்பு இல்லை. அண்ணன் சத்தூரியோவுக்குப் பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. கூடப் பிறந்த பாவத்துக்கு இவர்தான் வரவேண்டியிருந்தது.

உறைபனியில் வழுக்கி விழுந்த அண்ணனுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழவே கூடாது, எல்லாம் படுக்கையில்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த 'எல்லாம்'தான் சிக்கல். எங்கள் ஊர்ப் பேச்சில் ஆப்பு என்கிற ஒரே சொல் படாத பாடு படும். கதவு ஆடாமல் இருக்கச் சொருகுவது ஆப்பு. மரத்தைப் பிளக்க அடிப்பது ஆப்பு. ரேடியோவில் நல்ல பாட்டுக்கு நடுவே வந்து கழுத்தறுக்கும் சோப்பு விளம்பரமும் ஆப்பு. ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவனுக்கு மலஜலத்துக்காக அடியில் வைக்கிறார்களே ஒரு தட்டு, அதுவும் ஆப்புதான்.

முதல் நாளே உதவியாளர் நியெவெஸ், "தாத்தா, ஆப்பு வைக்கட்டா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். தச்சுப்பட்டறையில் ஆயுள் முழுக்க ஆப்பு செதுக்கிய மனிதர் போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டார்.

"பேத்தி வயசுப் பொண்ணு கையால நான் ஆப்பு வாங்கணுமா? போம்மா அந்தப் பக்கம்."

ஆண் உதவியாளரை அனுப்பினார்கள். அவனுக்கும் அதே மரியாதைதான். அன்றோடு அண்ணன் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். உள்ளே போனால்தானே வெளியே வரும்! நேற்று டாக்டர் பிராவுலியோவைத் தனியே கூப்பிட்டு, "இந்த வயசுல இப்படிப் பட்டினி கெடந்தா, எலும்பு கூடுறதுக்குள்ள ஆளே போயிடுவாரு" என்று சொல்லிவிட்டார்.

இன்றும் பூண்டு சூப் தொடாமலே ஆறிக்கொண்டிருந்தது. நியெவெஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நீங்களாவது சொல்லுங்களேன் ஐயா. கெஞ்சிக் கெஞ்சி எனக்கு நாக்கே வறண்டுபோச்சு."

"நான் சொன்னா கேக்குற ஆளா? நாங்க பேசி முப்பது வருஷம் ஆச்சும்மா."

"தெனம் வந்து உக்காந்திருக்கீங்களே?"

"உக்காந்துதான் இருக்கேன்."

அது பொய்யில்லை. பட்டறையை, அண்ணன் தம்பி உட்பட, ஒன்பது கூட்டாளிகள் சேர்ந்து நடத்தினார்கள். ஒரு வருஷம் தலைவர் பதவிக்கு பிராவுலியோ நின்றார். கை தூக்கச் சொன்னபோது, எதிராளிக்காக ஐந்தாவதாக எழுந்து அவரைத் தோற்கடித்த கை சொந்த அண்ணனுடையது. அன்று மாலை மதுக்கடையில் ஒருவன், "அதே மரத்து ஆப்பைவிடப் பொல்லாத ஆப்பு கெடையாது" என்று பழமொழியை எடுத்துவிட, கடையே சிரித்தது. அந்தச் சிரிப்போடு பேச்சு நின்றது. ஒரே தெரு, ஒரே மாதா கோயில், பக்கத்துப் பக்கத்து வேலை மேசை. முகம் கொடுக்காமல் முப்பது வருஷம் வாழ்வதும் ஓர் உழைப்புதான். பட்டறை வேலையைவிட இதில்தான் பிராவுலியோ அதிகம் களைத்துப்போயிருந்தார்.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வீம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளக்கூட இன்று சக்தி இல்லை.

"சூப் ஆறுது" என்றார்.

அண்ணன் கூரையைப் பார்த்தபடியே, "ஆறட்டும்" என்றார்.

"சாவப் போறியா?"

"போனா ஒனக்கு பஸ் அலைச்சல் மிச்சம்."

பிராவுலியோ சூப் கிண்ணத்தைக் கட்டிலருகே நகர்த்தினார். பிறகு சத்தூரியோ சின்னக் குரலில், "பசிக்குதுடா" என்றார்.

"பின்ன தின்னேன்!"

"வெளியாளு கையால மாட்டேன். நீ வை."

"எதை?"

"ஆப்பைத்தான். அன்னிக்கு ஒனக்கு நான் வச்சேன்ல? இப்ப எனக்கு நீ வை."

இந்தப் பேச்சு வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கவேண்டும் என்று பிராவுலியோ எத்தனையோ கேள்விகளைச் சேர்த்துவைத்திருந்தார். வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஏன் வச்ச?"

"தம்பி சொல்லி அண்ணன் கேக்குறதாங்கிற வீம்பு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்டா."

இவ்வளவு அற்பமான காரணத்துக்கா முப்பது வருஷம்! கோபம் வரும் என்று காத்திருந்தார், கொட்டாவிதான் வந்தது. கரண்டியை எடுத்து அண்ணன் வாயில் சூப்பை ஊட்டினார். கிண்ணம் காலியானது.

சாயங்காலம் அந்தத் தட்டு வந்தது. திரையை இழுத்துவிட்டு, நியெவெஸ் சொல்லிக்கொடுத்தபடி, மெல்லிய விளிம்பை முன்னால் விட்டு மெதுவாக நுழைத்தார்.

"ஆடாம இருக்காண்ணே?"

"இருக்கு. பழக்கதோஷத்துல சுத்தியால தட்டிடாத."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு இடுப்பு வலித்து, சிரிப்பு முனகலாகிவிட்டது. பிராவுலியோ திரைக்கு வெளியே வந்து ஜன்னல் பக்கம் நின்றார்.

"போயிடாதடா" என்றது உள்ளிருந்து குரல்.

"எங்க போறது? பஸ்ஸு எப்பவோ போயிடுச்சு."

கீழே, நிறுத்தத்தில், அவர் ஊர் பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தது.