அல்போன்ஸ் சொன்னால் சரி

அந்த வருஷம் நீலக்கொடி ஃபுட்பால் கிளப்பைப் பிடித்த வியாதி விசித்திரமானது. பந்தை அழகாகத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். நடுக்கோட்டைத் தாண்டுவார்கள், இடது பக்கம் ஒருவனை ஏமாற்றுவார்கள், வலது பக்கம் இன்னொருவனை. பார்க்க வந்தவர்கள் எழுந்து விசிலடிக்கத் தொடங்கும் நேரத்தில் எதிரணிக் கோலுக்கு முன்னால் பெனால்ட்டி ஏரியாவின் சுண்ணாம்புக் கோடு வந்துவிடும். அவ்வளவுதான். அழைப்பில்லாமல் கல்யாண மண்டபத்து வாசல் வரை வந்துவிட்டவர்கள் போல அங்கேயே தயங்கி நிற்பார்கள். ஒருவன் அடுத்தவனுக்குக் கொடுப்பான், அடுத்தவன் அவனுக்கே திருப்பிக் கொடுப்பான், எதிரணியின் தடுப்பு பேக் சாவகாசமாக வந்து பந்தை வாங்கிக்கொண்டு போவான்.

எழுபத்து நாலாம் வருஷம், லீக்கில் மூன்றாம் டிவிஷன். பாதி சீசன் முடிந்தபோது நீலக்கொடி போட்டது இரண்டே கோல். அதிலும் ஒன்று எதிரணிக்காரன் தெரியாமல் தன் கோலுக்குள்ளேயே அடித்துக்கொண்டது. சாந்தோம் சர்ச்சைச் சேர்ந்த பங்கு மக்கள் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையோடு நீலக்கொடி சந்தாவும் கட்டுகிறவர்கள். நாலாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டால் பூசை முடிந்து கோயில் வாசலில் முகம் கொடுத்துப் பேச முடியாது.

கேப்டன் லூயிஸ் அடையாறில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மெஷின் ஓடவில்லை என்றால் எந்தப் பாகத்தை எங்கே மாற்றிப் போடலாம் என்று பார்க்கிற புத்தி. அவன் ஒருநாள் அல்போன்ஸைக் கூப்பிட்டான்.

அல்போன்ஸ் அணியின் ஃபுல் பேக், தன் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். பங்குப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். இரண்டு விஷயங்களுக்குப் பெயர் போனவன். ஒன்று, பீரோ மாதிரி உடம்பு. மற்றது, அவன் வாயில் பொய் வராது. மூன்றாம் டிவிஷன் மேட்சுகளுக்கு லைன்ஸ்மேன் கிடைப்பது அபூர்வம். ஒற்றை ரெஃப்ரிதான் மைதானம் முழுக்க ஓடவேண்டும். பந்து வெளியே போய், "எங்க த்ரோ, எங்க த்ரோ" என்று இரு பக்கமும் கத்தினால், ரெஃப்ரி திரும்பி, "அல்போன்ஸ், யாரோடது?" என்பார். "அவங்களோடது சார்" என்று தன் அணிக்கு எதிராகவே சொல்லிவிடுவான். ஆரம்பத்தில் சொந்த அணியிலேயே திட்டு வாங்கினான். போகப் போக அது ஒரு வழக்கமாகிவிட்டது. எதிரணிக் கேப்டன்களே, "அல்போன்ஸைக் கேளுங்க சார், அவன் சொன்னா சரி" என்பார்கள். அவனுக்கும் உள்ளுக்குள் அதில் கர்வம்தான். ரெஃப்ரி கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பான்.

"நீ பின்னாடி நின்னுகினு இன்னா பண்ணப் போற?" என்றான் லூயிஸ். "நம்மளுக்கு கோல் வுழல, அத்தப் பாரு. பந்து பெனால்ட்டி பாக்ஸுக்கு வந்தா நீ முன்னால வந்துடு. நீ ஓட வேணாம், அடிக்க வேணாம். கோல் எதுர நின்னுகினா போதும். அவனுங்க உன்னைச் சுத்திகினு வரட்டும். அதுக்குள்ள நம்ம ஜவஹர் தட்டிடுவான்."

ஜவஹர் மேற்கு மாம்பலத்துப் பையன். பொடியன், மின்னல் மாதிரி ஓடுவான், யாராவது தோளால் இடித்தால் கீழே விழுந்துவிடுவான். இத்தனை நாள் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

சும்மா நிற்பதற்கு ஒரு ஆளா என்று அல்போன்ஸுக்கு முதலில் அவமானமாக இருந்தது. நின்று பார்த்தபோதுதான் அதன் ருசி தெரிந்தது. எல்லோரும் ஓடுகிற இடத்தில் ஒருவன் அசையாமல் நின்றால் மற்றவர்களின் கணக்கு தப்புகிறது. அவனைக் கவனிக்காமல் விட்டால் பந்து அவனுக்கே வரும், நெஞ்சில் வாங்கிப் பக்கத்தில் வைத்துக் கொடுப்பான். கவனிக்கிறேன் என்று இரண்டு பேர் வந்து அவனோடு மல்லுக்கு நின்றால், அந்த இரண்டு பேர் விட்ட இடத்தில் ஜவஹர் நுழைவான். அடுத்த மேட்சிலேயே இரண்டு கோல். அதற்கடுத்த மேட்சில் மூன்று, அதில் ஒன்று அல்போன்ஸே தலையால் முட்டியது. அன்று வீட்டுக்குப் போய் மனைவி ஃப்ளோரன்ஸிடம் அதை விவரித்த விவரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

ஆனால் மற்ற கிளப்காரர்களுக்கும் கண் இருக்கிறது. மூலையிலிருந்து அடிக்கிற கார்னர் என்று ரெஃப்ரி ஊதியதுமே இரண்டு தடியன்கள் வந்து அல்போன்ஸை நெட்டித் தள்ளி வெளியே கொண்டுபோய் விட ஆரம்பித்தார்கள். நீலக்கொடி மறுபடியும் சுண்ணாம்புக் கோட்டில் நின்றது.

"கைய யூஸ் பண்ணு" என்றான் லூயிஸ்.

"ஃபவுல்டா அது."

"ரெஃப்ரி பாத்தாதான்டா ஃபவுலு."

முதலில் முழங்கை. தடுமாறாமல் நிற்கத்தானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். அப்புறம் இடுப்பால் ஒரு இடி. அப்புறம் எதிராளியின் நிஜார்ப் பட்டியில் ஒரு விரல். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கொஞ்சம்தானே என்று ஆரம்பிக்கிறவன் எங்கே போய் நிற்பான் என்று டிரில் பீரியடில் வரிசையை விட்டு ஓரடி நகரும் பிள்ளைகளுக்குத் தினம் சொல்கிறவன் அவன். தனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. எந்த ரெஃப்ரியும் அவனைப் பார்த்து ஊதவும் இல்லை.

கடைசி மேட்ச் தி. நகர் மைதானத்தில், ஐஸ் ஹவுஸ் பகுதி ஹிலால் கிளப்போடு. ஜெயித்தால் மூன்றாம் டிவிஷனிலேயே இருக்கலாம், டிரா என்றாலும் இறக்கம்தான். ஹிலாலின் கோல்கீப்பர் குலாம் ரசூல். வயசுப் பையன்களாக இருந்தபோது ஜில்லா அணியில் ரசூல் கோல்கீப்பர், அல்போன்ஸ் அவனுக்கு முன்னால் பேக். கோல்கீப்பர் பின்னாலிருந்து "வுடு" என்றால் பேக் திரும்பிப் பார்க்காமல் பந்தை விடவேண்டும். அந்த நம்பிக்கை இல்லாமல் அந்த ஆட்டமே கிடையாது. இரண்டு வருஷம் அப்படி ஆடியவர்கள். இப்போது ரசூல் பஸ் கண்டக்டர். வழியில் அல்போன்ஸைப் பார்த்தால் படியிலிருந்தே சலாம் போட்டுவிட்டுத்தான் விசில் கொடுப்பான்.

"இன்னா நைனா, நீ ஃபார்வர்டு ஆயிட்டியாமே!" என்று வந்து கட்டிக்கொண்டான் ரசூல். "எனக்கே கோல் போடுவியா?"

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சிரித்தான் அல்போன்ஸ்.

ஆட்டம் முடியப் போகிற நேரம் வரை கோல் விழவில்லை. உயரமாக வந்த பந்தையெல்லாம் ரசூல் எம்பிப் பறித்துக்கொண்டே இருந்தான். அப்போது நீலக்கொடிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. லூயிஸ் பந்தை வைக்கப் போகிற வழியில் அல்போன்ஸிடம் வந்து, உதடு அசையாமல் சொன்னான். "ரசூலு எம்பக் கூடாது. பின்னாலேர்ந்து ஜெர்சியப் புடி."

"ரசூலையா? வேணான்டா. வேற யார்கிட்டயாவது சொல்லு."

"வேற எவன் புடிச்சாலும் ரெஃப்ரி ஊதிடுவாரு. நீ புடிச்சேன்னா எவன் நம்புவான்?" அல்போன்ஸ் விழித்தான். லூயிஸ் எரிச்சலோடு சொன்னான். "உன் உடம்புக்கோசரமா உன்னை முன்னால கொண்டாந்தேன்னு நெனச்சுகினு கீறே? உன் பேருக்கோசரம்டா."

சுருக்கென்றது அல்போன்ஸுக்கு. அந்த இடத்திலேயே திரும்பித் தன் பழைய இடத்துக்கு நடந்திருக்கலாம். யாரும் காலைக் கட்டிப்போடவில்லை. ஆனால் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே பங்கு மக்கள் அத்தனை பேரும் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நடந்து போய் ரசூலின் பின்னால் நின்றான்.

பந்து வளைந்து வந்தது. ரசூல் முழங்காலை மடக்கினான். அவன் இடுப்புக்கு மேலே சட்டைத் துணி அல்போன்ஸின் வலது கைக்குள் கொத்தாக இருந்தது. ரசூல் எம்பினான், துணி இழுத்தது, தையல் விடுகிற சின்னச் சத்தம் அல்போன்ஸுக்கு மட்டும் கேட்டது. ரசூலின் கைகளுக்குச் சாண் தூரத்தில் பந்து கடந்து போக, ஜவஹர் தலையால் முட்டினான். கோல்.

மைதானமே குதித்தது. ரசூல் மட்டும் ரெஃப்ரியிடம் ஓடினான். ரெஃப்ரி தனபாலன் பாங்க்கில் வேலை பார்க்கிற நல்ல மனிதர், சண்டை என்றால் நாலடி தள்ளி நிற்பவர். அவர் பந்தைத்தான் பார்த்திருந்தார்.

"ஜெர்சியப் புடிச்சு இழுத்தாங்க சார்! எம்பவே முடியல சார்!"

"நான் பாக்கலையேப்பா."

ஹிலால் பையன்கள் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். நீலக்கொடிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். யாரோ ஒருவன் இன்னொருவன் மார்பில் கை வைத்தான். அப்போது ரசூல்தான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு சொன்னான். "அல்போன்ஸுதான் சார் எம் பின்னால நின்னுகினு இருந்தான். அவன்தான் புடிச்சிருக்கணும். அவனையே கேளுங்க. அவன் இல்லேன்னு சொல்லட்டும், நான் வாயத் தொறக்கல."

தனபாலனின் முகத்தில் உயிர் வந்தது. "அல்போன்ஸ், நீங்களே சொல்லிடுங்க. பிடிச்சீங்களா?"

லூயிஸ் குனிந்து பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். ரசூல் நேராகக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார்" என்றான் அல்போன்ஸ்.

பொய்க்கு வேறு ஒரு குரல் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தான். திக்கும், நடுங்கும், யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. இல்லை. "அவங்களோடது சார்" என்று இத்தனை வருஷம் சொன்ன அதே குரலில்தான் வந்தது. ஹிலால் பையன்கள் அதை நம்பிக் கலைந்தார்கள். அதற்குப் பதில் அவனை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது. கோல் செல்லும் என்றார் ரெஃப்ரி. கொஞ்ச நேரத்தில் நீண்ட விசிலும் ஊதியாயிற்று.

நீலக்கொடிப் பையன்கள் அவனைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். கனம் தாங்காமல் சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டார்கள். "மூஞ்சி கழுவிகினு வரேன்" என்று தப்பித்து மைதானத்து மூலையில் இருந்த அடிபம்புக்குப் போனான். சுவர் ஓரமாக ஹிலால் கேப்டன் ரசூலைக் காய்ச்சிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பந்த வுட்டதும் இல்லாம, ஜெர்சியப் புடிச்சான்னு கத வுடுறியா? அதுவும் போயும் போயும் யார் மேல பழி போட்ட?" ரசூல் தன் ஜெர்சியின் கிழிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அல்போன்ஸுக்கு உடம்பு கூசியது. தன் கையே தன் மேல் படக்கூடாது போல இருந்தது. சொல்லிவிடலாம். இப்போதே, ரெஃப்ரி கிளம்புவதற்குள், எல்லோர் எதிரிலும். மூன்றாம் டிவிஷன் போனால் போகட்டும். திரும்பினான், ரசூலே அவனை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

"ரசூலு, நான் வந்து..."

"இரு, நான் பேசிக்கிறேன்." ரசூல் அவன் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "அத்தினி பேர் எதுர உன் பேர இஸ்துட்டேன் நைனா. மனசே கேக்கல. இது தொவச்சுத் தொவச்சு நைஞ்சு போன ஜெர்சி. போஸ்ட்ல எங்கனா ஆணி இருந்திருக்கும், மாட்டிக் கிழிஞ்சிருக்கும். பந்தும் போச்சா, ஒரு கோவத்துல உளறிட்டேன். உன்னப் போயி சந்தேகப்பட்டேன் பாரு. மன்னிச்சுக்கோப்பா."

தூரத்தில் ஹிலால் கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தான். லூயிஸும் பார்த்துக்கொண்டிருந்தான். ரசூலின் கண் கலங்கியிருந்தது. அல்போன்ஸ் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"பரவால்ல ரசூலு" என்றான். "வுடு."

ரசூலின் முகம் தெளிந்துவிட்டது. திரும்பித் தன் கேப்டனைப் பார்த்து, "மன்னிச்சிட்டான்பா!" என்று கத்தினான். அந்த ஹிலால் கேப்டனும் வந்து கை கொடுத்தான். "தங்கமான மனுசன் சார் நீங்க" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் அல்போன்ஸ் செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனான். வரிசை நீளமாக இருந்தது. முறை வந்ததும் முழந்தாளிட்டு, விளையாட்டில் கள்ளத்தனம் செய்ததைச் சொன்னான், கேட்டபோது பொய் சொன்னதைச் சொன்னான். வயதான பங்குச் சாமியார், கூண்டின் வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாதிக் கண்ணை மூடியபடி, "வேற?" என்றார்.

"ஒருத்தன் என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டான் ஃபாதர்."

"சரி."

"மன்னிச்சிட்டேன்."

"நல்ல காரியம்தானேப்பா" என்றார் சாமியார். "புண்ணியத்தை எல்லாம் இங்க வந்து சொல்லக் கூடாது."

விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தான். பின்னால் வரிசையில் யாரோ பொறுமையில்லாமல் இருமினார்கள். சாமியார் அதற்குள் கையை உயர்த்திப் பாவமன்னிப்பு மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். அல்போன்ஸ் தலையைக் குனிந்து அதையும் வாங்கிக்கொண்டான்.