நடுவில் இருக்கும் எழுத்துகள்

மிளகு மூன்றாவது தடவையாக இரண்டு முகவரிகளையும் ஒத்துப் பார்த்தாள். முதல் நாலு எழுத்து சரி. கடைசி நாலு எழுத்து சரி. நடுவில்தான் எல்லாமே வேறாக இருந்தது.

குளியலறைக் கதவைத் தாழிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு முழங்காலில் புது கடைசல் மிஷினை விற்கிறவர் அனுப்பிய பில், மறு முழங்காலில் பணம் அனுப்பும் பைல் திறந்திருந்த அப்பாவின் போன். அவளுக்குப் பதினாறு வயது. ராத்திரி மணி பதினொன்றே கால். பன்னிரண்டுக்குள் அத்தை கையெழுத்துப் போட்டுவிடுவாள். போட்டுவிட்டால் பட்டறையின் இரண்டு வருஷ உழைப்பு எவன் மடியிலோ போய் விழும். கிரிப்டோவில் போனது போனதுதான். பேங்க்போல் திருப்பிக் கேட்டு நிற்க ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

பட்டறை மூன்று பேருடையது. மூத்தவள் அத்தை, அடுத்து அப்பா, கடைக்குட்டி சித்தப்பா. வெளிநாட்டுக்குக் கடைந்து அனுப்பும் உதிரிப் பாகங்களுக்குப் பணம் கிரிப்டோ காயினாக வரும். அதைப் போட்டுவைத்த வாலட்டுக்கு ஆளுக்கொன்றாக மூன்று சாவி. யாராவது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் பணம் நகரும், ஒருவர் மட்டும் போட்டால் நகராது. அதற்கு மேல் அத்தை வாய்ச்சட்டம் ஒன்றும் போட்டிருந்தாள். பணம் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பைலை எழுதுகிறவர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. எழுதுவது எப்போதும் சித்தப்பா, போடுவது அப்பாவும் அத்தையும். அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருந்தை எடுக்கிற கை ஒன்று, சரிபார்க்கிற கண் வேறொன்று என்று பழகியவள்.

போன வாரம் பழைய மிஷின் அப்பாவின் வலது கையைக் கடித்துவிட்டது. மணிக்கட்டு வரை கட்டு. அதனால்தான் இன்று சாயங்காலம் தன் சாவியின் ரகசிய எண்ணை மகளிடம் சொல்லி, "முழுசாப் படிச்சிட்டு அமுக்கும்மா" என்றார். சாவிக் கருவி தீப்பெட்டி அளவுதான், கடைசியில் அதன் பட்டனை அமுக்கினால் அதுவே கையெழுத்து. பணம் போகிற முகவரி அதன் திரையில் மூன்று பக்கமாக வரும். முதல் பக்கத்தைப் படித்தாள். நடுப்பக்கம் வரும்போது தோழி ஒருத்தியின் செய்தியும் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அமுக்கி, கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டாள்.

"படிச்சியா?"

"படிச்சிட்டேன்ப்பா."

மாத்திரை மயக்கத்தில் அப்பா தலையாட்டினார். அவர் சாவியின் கையெழுத்தோடு பைல் போய்விட்டது.

அந்தப் பொய்தான் தூங்கவிடவில்லை. நடுவையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று எழுந்து வந்தவள்தான் இப்போது வாளிமேல் இருந்தாள்.

சித்தப்பாதான். வேறு யார் பைல் எழுதுகிறார்கள்? முந்தாநாள் அப்பாவோடு நடந்த சண்டையில் அவர் சத்தம் தெருமுனை வரை கேட்டது. "என் பங்கைப் பிரிச்சுக் குடு, நான் தனியாப் போறேன்." மறுநாளே ஒன்றும் நடக்காததுபோல் வந்து, மிஷினுக்குப் பணத்தை அனுப்பிவிடலாம், நானே பைல் எழுதுகிறேன் என்று பால் குடித்த பூனையாக நின்றார். இன்று ஆறு மணிக்குப் போனில் கேட்டாரே, "அண்ணன் முழுசாப் பாத்தாரா?" என்று. அதை ஏன் கேட்க வேண்டும்? பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தானே?

அப்பாவை எழுப்பலாம். எழுப்பினால் பொய் வெளியே வரும். ஒற்றைக் கையோடு தம்பி வீட்டுக் கதவை உடைக்கவும் கிளம்பிவிடுவார். அத்தையைக் கூப்பிடலாம். ஆனால் அத்தைக்குக் கடைக்குட்டி என்றால் உயிர். ஒருவேளை அத்தையும்... சே. மிளகு தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டு அத்தையின் எண்ணை அழுத்தினாள்.

"என்னடி மிளகு, அப்பாவுக்குக் காய்ச்சலா?"

"இல்ல அத்தை. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"கருவி இன்னும் பைக்குள்ள இருக்கு. இப்பதான் உக்காந்தேன். ஏன் கிசுகிசுக்கற? எங்க இருக்க?"

"பாத்ரூம்ல."

"பாத்ரூம்ல ஆபீஸ் தொறந்தவ உலகத்துலயே நீ ஒருத்திதான்."

"போடாதீங்க அத்தை. தயவுசெஞ்சு போடாதீங்க."

சிரிப்பு நின்றது. மிளகு எல்லாவற்றையும் சொன்னாள். பொய்யைச் சொல்லும்போது மட்டும் குரல் தரையைத் தொட்டது. அத்தை இரண்டு முகவரிகளையும் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

"பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டற விலாங்கு இது" என்றாள் அத்தை மெதுவாக. "யாரோ வேணும்னே செஞ்சிருக்கான். யாருன்னு நினைக்கற?"

"நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லித்தான் ஆகணும்."

"சித்தப்பா."

"அவனா? அவன் திருடறதுன்னாக்கூட எந்தப் பக்கம் ஏறிக் குதிக்கறதுன்னு எனக்குத்தான் போன் போடுவான்." சொல்லிவிட்டு அத்தை சிரிக்கவில்லை. "பங்கு வேணும்னு கேட்டான்தான்..."

அத்தையே சந்தேகப்பட்டதும் மிளகுக்குப் பயம் இரட்டிப்பானது. கூடவே ஒன்று உறைத்தது.

"அத்தை, பைல் அஞ்சு மணி நேரமா சித்தப்பாகிட்டயும் இருக்கு. அப்பா கையெழுத்து அதுல விழுந்தாச்சு. அவர் சாவியும் போட்டா போதுமே. அவர் திருடன்னா உங்களுக்காக எதுக்குக் காத்திருக்கணும்?"

"ம்... உன் அப்பாவும் நானும் போட்டா பழி எங்க தலையில. அதுக்காகக் காத்திருக்கலாம்." சொன்னதும் அத்தைக்கே அது கசந்திருக்க வேண்டும். "சரி, யாருங்கறது அப்புறம். முதல்ல அந்தக் கையெழுத்தைச் செல்லாததா ஆக்கணும். அதே காயினை நம்ம வாலட்டுலயே வேற ஒரு புது முகவரிக்கு மாத்திட்டா, பழைய பைல் வெறும் காகிதம்."

"அதுக்கும் ரெண்டு கையெழுத்து வேணுமே."

"நானே எழுதி நானே போடறேன். என் சட்டத்தை நானே மீறறேன், போதுமா? இன்னொண்ணு உன் அப்பா சாவி."

"குடுங்க, நான் அமுக்கறேன்."

"அமுக்குவ. ஆனா அவனை எழுப்பிட்டு. அவனுக்குத் தெரியாம ஒரு தடவை நடந்ததே போதும் கண்ணு."

அப்பா ஹாலில் கட்டிலில், கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். மிளகு அவர் கால் விரலைப் பிடித்து ஆட்டினாள். விழித்தார். நின்றபடியே, எங்கும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

"படிச்சேன்னு சொன்னியே."

"பொய்ப்பா."

அப்பா இடது கையால் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அத்தை எழுதி அனுப்பிய புது பைல் வந்தது. கருவியில் பக்கம் பக்கமாக மிளகு சத்தமாகப் படிக்க, போனில் அத்தை ஒவ்வொரு எழுத்துக்கும் ம் கொட்டினாள். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரலை அல்ல, முகத்தையும் அல்ல. மூன்றாம் பக்கம் முடிந்ததும், "அமுக்கு" என்றார். அங்கே அத்தையும் போட்டுவிட்டுப் போனை வைத்தாள். பணம் நகர்ந்தது.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சித்தப்பாவின் அழைப்பு வந்தது. மிளகு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே! வாலட்ல இருந்து மொத்தமும் எங்கேயோ போயிருக்கு! நீயும் அக்காவும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பங்கு கேட்டேன்னு ராத்திரியோட ராத்திரியா என்னைக் கழட்டி விடறீங்களா?"

அப்பாவின் தாடை இறுகியது. "திருடன் கத்தறதைப் பாரு" என்று வாய் திறந்தவரை மிளகு கையமர்த்தினாள்.

"சித்தப்பா, நான் மிளகு. உங்க பைல்ல இருக்கற முகவரியையும் பில்லுல இருக்கறதையும் எடுங்க. நடுவையும் விடாம முழுசாப் படிங்க."

"இப்ப அதுவா முக்கியம்?"

"சத்தமாப் படிங்க சித்தப்பா."

முணுமுணுத்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். ஐந்தாவது எழுத்தில் குரல் தடுக்கியது. ஆறாவதில் நின்றது.

"நான் பில்லைப் பாத்து அடிக்கலை" என்றார் கடைசியில். "போன வாரம் மிஷின்காரருக்குச் சோதனைக்குக் கொஞ்சம் அனுப்பினோம்ல... வாலட்டோட வரவு செலவுப் பட்டியலைத் தொறந்தேன். அந்த முகவரி மேலயே இருந்தது. தலையும் வாலும் சரியா இருந்தது, அப்படியே எடுத்துட்டேன். அது அவங்களுக்கு நாம அனுப்பினது இல்ல. எவனோ ஒருத்தன் அதே மாதிரி முகவரி செஞ்சு, துளியூண்டு காயினை நமக்கு அனுப்பி வச்சிருக்கான். பட்டியல்ல வந்து உக்காரணும்னே." மூச்சை இழுத்தார். "அதான் ஆறு மணிக்கு நான் கேட்டேன், அண்ணன் முழுசாப் பாத்தாரான்னு. அவசரத்துல அடிச்சதால எனக்கே ஒரு இதுவா இருந்துச்சு."

"கேட்டீங்க. நான்தான் பாத்தாருன்னு பொய் சொன்னேன்."

"நீங்க மூணு பேரும் என்னைத்தானே நினைச்சீங்க?"

அப்பா சுவரைப் பார்த்தார். "ஆமா" என்றாள் மிளகு.

"நானும் இப்ப உங்களைத்தான் நினைச்சேன்" என்றார் சித்தப்பா. "அந்தச் சந்தேகம் இன்னும் முழுசாப் போகலை. புது முகவரி நம்ம வாலட்டோடதுன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

அப்பா நிமிர்ந்தார். அவர் பேசுவதற்குள் மிளகு கருவியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"உங்க கருவியையும் எடுங்க சித்தப்பா. நம்ம வாலட்டோடதா இருந்தாத்தான் அதுலயும் இந்த முகவரி வரும். நான் படிக்கறேன், நீங்க உங்க திரையில ஒத்துப் பாருங்க."

இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. எதையோ தட்டிவிட்டார், ஏதோ உருண்டது.

"ம். படி."

"முதல் பக்கம்..."

"முதல் பக்கம் வேண்டாம்" என்றார் சித்தப்பா. "நடுவுல இருந்து ஆரம்பி."

மிளகு பட்டனை அமுக்கி நடுப்பக்கத்துக்கு வந்தாள். அப்பா நல்ல கையால் விளக்கைத் திருப்பி, வெளிச்சம் திரையில் விழும்படி பிடித்தார்.

"கே" என்றாள்.

"சரி."

"ஏழு."

"சரி."